ஊராட்சித் தேர்தலுக்கு ஒரு தேதி சொல்லுங்கள்

தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும், ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறைக்கும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலாடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் மாவட்டத்தில் 4 நகராட்சிகளும் 7 பேரூராட்சிகளும் இருக்கின்றன. மற்றபடி எல்லாம் கிராமம்தான்: 11 ஒன்றியங்கள், 429 ஊராட்சிகள். திருவாடானையில் நெல், முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் மிளகாய், வாலிநோக்கத்தில் உப்பு, கரை நெடுக மீன் என்று பிழைப்பு ஊருக்கு ஊர் மாறும். ஆனால் தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்றால் எல்லோரும் போய் நிற்கும் இடம் ஊராட்சித் தலைவர் வீட்டு வாசல். 2025 சனவரி 5ஆம் தேதியோடு அந்த வாசல் இல்லாமல் போய்விட்டது.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. ஐந்தாண்டு முடிந்ததும் தலைவர், வார்டு உறுப்பினர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று அத்தனை பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் இடத்துக்குத் தனி அலுவலர்கள் வந்தார்கள். கிராம ஊராட்சிகளுக்கு வட்டார வளர்ச்சி அலுவலரே (பிடிஓ) தனி அலுவலர். 429 ஊராட்சியை 11 ஒன்றியத்துக்கு வகுத்துப் பாருங்கள், ஒரு பிடிஓவின் தலையில் சராசரியாக 39 ஊர். அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ராத்திரி எட்டு மணிக்கும் ஒன்றிய அலுவலகத்தில் விளக்கு எரிவதைப் பார்க்கிறோம். ஆனால் 39 ஊருக்கு ஒருவரே தலைவராக இருக்க எந்த மனிதராலும் முடியாது.

இந்தக் கோடையில் எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிப் போனது. காவிரி கூட்டுக் குடிநீர் எங்களுக்கு முறை வைத்துத்தான் வரும். அது குடிக்கத்தான் காணும், மற்ற எல்லாவற்றுக்கும் இந்த மோட்டார்தான். முன்பெல்லாம் டேங்க் ஆபரேட்டர் தலைவருக்குப் போன் போடுவார். தலைவர் மெக்கானிக்கைக் கடனுக்கு வரச் சொல்லுவார். அன்று சாயங்காலமே கப்பி கட்டி மோட்டாரை மேலே தூக்கிவிடுவார்கள். பில், தீர்மானம் எல்லாம் பிறகு. இப்போது ஆபரேட்டர் ஊராட்சிச் செயலரிடம் சொல்ல வேண்டும். செயலர் ஒன்றிய அலுவலகத்துக்கு எழுத வேண்டும். அங்கே மதிப்பீடு போட்டு, ஒப்புதல் வாங்கி, அதற்கப்புறம்தான் மெக்கானிக் வருவார். கடனுக்குச் சொல்ல ஆள் இல்லை, ஏனென்றால் அந்தக் கடனுக்குப் பொறுப்பேற்க ஊரில் யாரும் இல்லை. அதுவரை எங்கள் பெண்கள் நாலு சக்கரத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போனார்கள். வயசானவர்கள் கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மோந்தார்கள். தலைவர் இருந்தால் மோட்டார் பழுதாகாது என்று நான் சொல்லவில்லை. பழுதானால் கையைப் பிடித்துக் கேட்க ஒரு ஆள் இருப்பார். மறு தேர்தலில் நம்மிடம் ஓட்டுக் கேட்டு வர வேண்டியவர் என்ற பயமும் அவருக்கு இருக்கும்.

கிராம சபை நடக்கிறதே என்பீர்கள். நடக்கிறது. ஆகஸ்ட் 15 அன்றும் நடந்தது. தனி அலுவலரால் ஒரே நேரத்தில் எல்லா ஊரிலும் இருக்க முடியாது என்பதால் அவர் சார்பில் பற்றாளர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், பொறுமையாக வாசித்தார். நூறு நாள் வேலைச் சம்பளம் எப்போது வரும் என்று கேட்டார்கள், மேலே சொல்கிறேன் என்றார். ஊருணிக் கரை உடைப்பைக் கேட்டார்கள், அதற்கும் மேலே சொல்கிறேன் என்றார். வேறு என்ன சொல்ல முடியும் அவரால்? தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து விழுந்தது, கூட்டம் கலைந்தது. கிராம சபை என்பது தலைவரை ஊரார் நேருக்கு நேர் நிறுத்திக் கணக்குக் கேட்கிற இடம். கணக்குச் சொல்ல வேண்டியவர் இல்லாத கூட்டத்தில் யாரைக் கேட்பது?

இது முதல் தடவை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலின் அறிவிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, கொஞ்ச நாளில் நடந்துவிடும் என்றுதான் நினைத்தோம். மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி நடந்தது. 2016 அக்டோபரிலிருந்து இன்றுவரை எண்ணினால், ஏறக்குறைய ஒன்பது வருஷத்தில் எங்கள் ஊரை நாங்கள் தேர்ந்தெடுத்தவர்கள் நடத்தியது ஐந்தே வருஷம். அரசியல் சட்டத்தின் 243E பிரிவு என்ன சொல்கிறது? பதவிக்காலம் ஐந்தாண்டு, அது முடிவதற்கு முன்பே தேர்தலை முடித்துவிட வேண்டும். சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ தனி அலுவலர் போட்டு மூன்று வருஷம் ஓட்ட முடியுமா? ஊராட்சிக்கு மட்டும் எப்படி முடிகிறது?

வார்டு மறுவரையறை, நகரங்களோடு இணைப்பு என்று காரணம் சொல்லப்படுகிறது. மறுவரையறை முடியவில்லை என்பதைக் காட்டி உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடக் கூடாது என்று மத்தியப் பிரதேச வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஐந்தாண்டு எப்போது முடியும் என்பது 2020 சனவரியில் பதவி ஏற்ற அன்றே தெரியும். வரையறை வேலையை அப்போதிருந்து பார்த்திருக்கலாமே. நகராட்சியோடு ஊரைச் சேர்ப்பது என்றால் அது சாதாரண விஷயம் இல்லை. சேர்ந்தால் நூறு நாள் வேலை போகும், வீட்டு வரி ஏறும். இவ்வளவு பெரிய முடிவை, ஊருக்காகப் பேசத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவரும் இல்லாத காலத்தில் எடுப்பது நியாயமா?

பணமும் இதில் அடிபடுகிறது. 15ஆவது நிதிக்குழுவின் மானியம் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளுக்கானது. அதில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. தண்ணீருக்கு அல்லாடுகிற மாவட்டத்துக்கு அது சின்னக் காசு இல்லை. தேர்தல் தள்ளிப்போகப் போக அந்தக் காசும் எங்களைவிட்டுத் தள்ளிப்போகிறது.

தலைவர்கள் எல்லோரும் உத்தமர்கள் இல்லை. மனைவி பெயரில் ஜெயித்துக் கணவர் நாற்காலியில் உட்கார்ந்த ஊர்களை நாங்களும் பார்த்திருக்கிறோம். தேசியக் கொடி ஏற்றவிடாமல் தடுக்கப்பட்ட பட்டியல் சாதித் தலைவர்களையும் பார்த்திருக்கிறோம். ஆனாலும் அந்த நாற்காலி இந்தத் தென் மாவட்டங்களில் சும்மா கிடைத்ததில்லை. மதுரை மாவட்டத்து மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியல் சாதியைச் சேர்ந்த முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் 1997 சூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் பத்து வருஷம் தலைவர் தேர்தலை முறையாக நடக்கவிடவில்லை, 2006இல்தான் நடந்தது. அன்று சாதியின் பெயரால் காலியாகக் கிடந்தது அந்த நாற்காலி, இன்று கோப்பின் பெயரால் கிடக்கிறது. பெண்களுக்கு 50 விழுக்காடு இட ஒதுக்கீடு வந்த பிறகு நடந்த முதல் ஊராட்சித் தேர்தல் 2019இல்தான். பயந்து பயந்து முதல் கூட்டத்துக்கு வந்த பெண்கள் மூன்றாம் வருஷத்தில் ஒன்றிய அலுவலகத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள். பழகி முடிப்பதற்குள் அவர்களுக்கு அடுத்து வர வேண்டியவர்களின் கதவை மூடிவிட்டோம். 2025 ஏப்ரலில் மாற்றுத்திறனாளிகளை ஒவ்வொரு உள்ளாட்சியிலும் நியமன உறுப்பினராக்கச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. மனம் நிறைந்து வரவேற்கிறேன். ஆனால் எங்கள் மாவட்டத்து ஊராட்சிகளில் அவர்கள் யாரோடு சேர்ந்து உட்கார்வார்கள்? மன்றமே இல்லையே.

அவசரம் என்னவென்றால் ஐப்பசி நெருங்குகிறது. எங்கள் வருஷம் முழுவதும் அந்த இரண்டு மாத மழையில்தான் இருக்கிறது. 40 ஹெக்டேருக்குக் குறைவாகப் பாயும் கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. வரத்துக்காலில் சீமைக்கருவேல் அடைத்து நிற்கிறது. மடைப் பலகை சிதைந்திருக்கிறது, மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கில் விரிசல். எந்தக் கண்மாயை முதலில் பார்க்க வேண்டும், எந்த ஊர் மேல்மடை எந்த ஊர் கீழ்மடைக்குத் தண்ணீர் விடாது என்பதெல்லாம் ஒன்றியக் கூட்டத்தில் கவுன்சிலர்கள் கத்திச் சண்டை போட்டு முடிவுசெய்கிற விஷயம். அந்தச் சண்டை வேண்டும் எங்களுக்கு. அது இல்லாமல் போடுகிற பட்டியலில் ரோட்டோரக் கண்மாய் மட்டும்தான் இருக்கும், உள்ளே கிடப்பது விட்டுப்போகும்.

ஆணையத்திடம் கேட்பது இதுதான்: தேர்தல் தேதியை அறிவியுங்கள். வார்டு வரையறை எந்த நிலையில் இருக்கிறது, எப்போது முடியும் என்பதை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டுங்கள். மீதமுள்ள 9 மாவட்டங்களின் பதவிக்காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. எல்லாவற்றையும் அதோடு சேர்த்து நடத்திக்கொள்ளலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். துறையிடம் கேட்பது: அதுவரை மோட்டார், குழாய் உடைப்பு போன்ற அவசரப் பழுதுகளுக்கு ஊராட்சி அளவிலேயே ஒரு தொகையைச் செலவழிக்க வழி செய்யுங்கள். தனி அலுவலர் எந்த ஊருக்கு எந்தக் கிழமை வருவார் என்று எழுதிப் போடுங்கள். வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் சனவரி முதலான வரவு செலவை வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். கேட்க நாங்கள் வந்து உட்காருவோம்.

இப்படிக்கு,
கடலாடி வட்டார வாக்காளர் ஒருவர்
ராமநாதபுரம் மாவட்டம்
2025 ஆகஸ்ட்