மெஸ்ஸிக்கு மட்டுமா அந்தக் கோப்பை?

ஆசிரியருக்கு வணக்கம்.

அர்ஜென்டினாவின் வெற்றிகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் மெஸ்ஸியைப் பக்கம் பக்கமாகப் புகழ்கிறீர்கள், சரி, அவர் அதற்குத் தகுதியானவர்தான், ஆனால் பயிற்சியாளர் லியோனல் ஸ்கலோனிக்கு ஒரு பத்திகூட ஒதுக்குவதில்லையே என்பதுதான் என் வருத்தம்.

ஆட்டக்காரராக அவர் பெரிய நட்சத்திரம் இல்லை. ஸ்பெயினின் டெப்போர்டிவோ லா கொருன்யா 2000-இல் லீக் பட்டம் வென்றபோது அந்த அணியில் இருந்த உழைப்பாளி. 2006 இங்கிலாந்து எஃப்.ஏ. கோப்பை இறுதியில் வெஸ்ட் ஹாம் கிளப்புக்காக லிவர்பூலை எதிர்த்து ஆடினார். கடைசி நிமிடத்தில் அவர் சரியாக விலக்காத பந்து எதிரணியிடம் போக, அதைத் தொடர்ந்துதான் லிவர்பூலின் ஜெரார்டு சமன் கோல் அடித்தார், பெனால்டியில் கோப்பையும் கைவிட்டுப் போனது.

2018 உலகக் கோப்பைத் தோல்விக்குப் பிறகு அர்ஜென்டினா அணியின் தற்காலிகப் பயிற்சியாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. எந்தப் பெரிய கிளப்பையும் தலைமைப் பயிற்சியாளராக நடத்தியதில்லை, மரடோனாவே வெளிப்படையாக எதிர்த்தார். அதே மனிதர்தான் 2021-இல் பிரேசிலை அவர்களின் மரக்கானா மைதானத்திலேயே சாய்த்து, 28 ஆண்டுகளுக்குப் பிறகு தென் அமெரிக்க நாடுகளுக்கான கோபா அமெரிக்கா கோப்பையைக் கொண்டுவந்தார்.

அர்ஜென்டினா வென்ற 2022 கத்தார் உலகக் கோப்பையில், முதல் ஆட்டத்தில் சவூதியிடம் தோற்றதும் பிடிவாதம் பிடிக்காமல் என்சோ ஃபெர்னாண்டஸ், மக்அலிஸ்டர், அல்வாரெஸ் போன்ற இளைஞர்களை அடுத்தடுத்து ஆரம்ப அணிக்குள் கொண்டுவந்தாரே, உலகக் கோப்பையைத் திருப்பிய முடிவு அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அப்புறம் 2024-இல் மறுபடியும் கோபா.

அடுத்த விளையாட்டு மலரிலாவது அவரைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கால்பந்து வாசகர்