வீடு அவள் பெயரில் இருக்கட்டும்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள தோழிக்கு,

மகளுக்குக் கல்யாணம் முற்றாகிவிட்டது என்ற வரியை மூன்று முறை வாசித்தேன். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ வந்தது நேற்றுப்போல் இருக்கிறது. மாப்பிள்ளை யாழ்ப்பாணம், நல்ல குணமான பிள்ளை என்று எழுதியிருக்கிறாய். மனம் நிறைந்துவிட்டது.

ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாய். ஆரையம்பதி வீட்டை இருவர் பெயரிலும் எழுதலாமா, அண்ணா அப்படித்தான் சொல்கிறார் என்று. எழுதாதே. அது அவள் பெயரில் மட்டும் இருக்கட்டும்.

அந்த வீட்டை உனக்குத் தந்துவிட்டு உன் அம்மா பின்வளவில் ஓலைக் குடிலுக்கு மாறினாரே, நினைவிருக்கிறதா? உன் அம்மம்மாவும் அப்படித்தான் மாறியிருப்பார். மட்டக்களப்பில் குடி, அதாவது வம்சக் கிளை, தாய்வழியில் வருகிறது. வீடு மகளுக்குப் போகிறது. கணவன் மனைவியின் வீட்டுக்கு வருகிறான். சின்ன வயதில் இதை நாம் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. இதன் அருமை எனக்குத் தெரிந்தது மற்றவர்களின் கண்ணீரில்தான்.

இத்தனை வருடம் ஊர் ஊராகத் திரிந்து என்னதான் செய்தாய் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். பெரும்பாலும் யாரோ ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பொலிஸ் நிலையத்து வாங்கில், நீதிமன்ற வளவில், பிரதேச செயலகத்து விறாந்தையில். தொடக்கம் போர் நடந்த 1990தான். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் என் பெரியம்மாவின் மருமகள், கணவனைப் பிடித்துக்கொண்டுபோன பிறகு, இரண்டு பிள்ளைகளோடு நின்றாள். அவளுக்குத் துணையாக முகாம் முகாமாகப் போனேன். அவன் கிடைக்கவே இல்லை. இறந்தான் என்று பதியவும் அவளுக்கு மனம் வரவில்லை. அந்த வருடங்களில் அவளைத் தாங்கியது அவளுடைய தாய் கொடுத்த வீடு. அதன் முற்றத்தில் நெல் அவித்தாள், கோழி வளர்த்தாள், பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். போ என்று அவளைச் சொல்ல ஒருவருக்கும் உரிமை இருக்கவில்லை.

அவளைப் பார்த்து அயலில் இன்னொருத்தி கேட்டாள், எனக்கும் துணைக்கு வருகிறாயா என்று. அப்படியே வேலையாகிவிட்டது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை வாவியைப் பாதை என்ற மிதவைப் படகில்தான் கடப்பேன். அந்தக் கடப்பில் பெண்கள் என்னிடம் சொன்னவற்றை அலுவலகத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. தண்ணீருக்கு நடுவே யாரும் ஒட்டுக் கேட்க முடியாது அல்லவா.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26ஐப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். கடற்கரையில் தாய் கொடுத்த சீதன வீட்டை இழந்த ஒருத்திக்கு உள்ளே புதிய காணியில் வீடு கிடைத்தது. பத்திரம் கணவன் பெயரில் வந்தது. படிவத்தில் குடும்பத் தலைவர் என்று ஒரு கட்டம்தான் இருந்தது, அதில் ஆணின் பெயரை எழுதினார்கள். இரண்டு வருடத்தில் அவன் குடித்துவிட்டு வந்து அடித்து, "என் வீட்டை விட்டுப் போ" என்றான். என் வீடு! அவள் வம்சத்தில் எந்தப் பெண்ணும் கேட்டிராத சொல். பாயும் பிள்ளையுமாக இரவில் என் படலையில் வந்து நின்றாள்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அப்போது புதிது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை வாங்கினோம். அவன் வீட்டுக்குள் வரக்கூடாது என்று. எனக்கு அன்று எவ்வளவு பெருமை! ஆனால் கட்டளை 12 மாதத்துக்கு. நீடிக்கக் கேட்டு மறுபடி அந்தப் படியேற அவளுக்குத் திராணி இருக்கவில்லை. 13ஆம் மாதம் அவன் பத்திரத்தோடு வந்தான். அவள் தங்கையின் குசினியில் ஆறு வருடம் படுத்தாள். அன்றைக்கு நான் அந்தப் படிவத்தைப் பார்த்திருந்தால் என்று இன்றும் தூக்கம் கெடுகிறது. பிறகு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் பெண்களிடம் முதலில் கேட்பேன்: வீடு யார் பெயரில்?

அரச காணியில் இருப்பவர்களின் நிலை இன்னும் கொடிதாக இருந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அடுத்துக் காணியைப் பெறும் பின்னுரித்தாளர் நியமிக்கப்படாத இடத்தில் மகள்களுக்கு முன் மகன்களை வைத்தது. அது 2022இல்தான் திருத்தப்பட்டது. எத்தனை மகள்கள் அதற்குள் கிழவிகளாகிவிட்டார்கள்.

உன்னுடையது உறுதிக்காணி, உறுதிப்பத்திரம் உள்ள சொந்தக் காணி, அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் வேறொன்று இருக்கிறது, கவனமாகக் கேள். நமக்கு நாட்டின் பொதுச்சட்டம். யாழ்ப்பாணத்தவருக்குத் தேசவழமை என்ற தனிச்சட்டம். தேசவழமைக்கு உட்பட்டவரை மணக்கும் பெண், அந்த மணவாழ்க்கை நீடிக்கும்வரை அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறாள். அப்போது தன் சொந்த வீட்டை விற்கவோ ஈடுவைக்கவோ அவளுக்குக் கணவனின் எழுத்துச் சம்மதம் தேவை. வீடு அவளுடையதாகவே இருக்கும், கவலைப்படாதே. ஆனால் மகளுக்கு இது தாலிக்கு முன்னே தெரிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கும் தெரியட்டும். நல்ல பிள்ளை என்றால் முகம் கோணமாட்டான்.

அண்ணாவிடம் நான் பேசுகிறேன். ஒற்றுமைக்காகச் சொல்கிறார், புரிகிறது. ஒற்றுமையாக இருப்பவர்களுக்குப் பத்திரத்தில் யார் பெயர் இருந்தால் என்ன?

மற்றச் செய்திகள்: என் முழங்கால் பரவாயில்லை. நான் விட்ட வேலையை இப்போது இரண்டு இளம் பெண்கள் செய்கிறார்கள். கிழமைக் கடன் வசூலிக்க வந்து பொழுதுபட்ட பிறகும் வாசலில் குந்தியிருந்த ஒருவனை, அயல் பெண்கள் எல்லாரையும் கூட்டிவந்து எழுப்பி அனுப்பினார்களாம். எனக்குக்கூட அந்த வயதில் அந்தத் துணிவு இருந்ததில்லை.

வரும்போது உறுதியின் மூலப்பிரதியையும் நிலஅளவைப் படத்தையும் எடுத்து வா. உறுதி எழுதும் நொத்தாரிசிடம் நானும் வருகிறேன். மகளையும் கட்டாயம் கூட்டிவா. நன்கொடை உறுதியில் ஏற்றுக்கொள்பவளும் கையெழுத்திடுவது வழக்கம். அவளே முழுவதையும் வாசித்துவிட்டுப் போடட்டும், நாம் பக்கத்தில் இருப்போம்.

அன்புடன்,
உன் கல்லடித் தோழி