ஈயச்சொம்பைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நலம். உன் நலமறிய ஆவல். ஆடி பிறந்ததிலிருந்து இங்கே காற்று ஓயவில்லை. தென்னை மட்டை விழுந்து பின்கட்டில் இரண்டு ஓடுகள் உடைந்தன, மாற்றியாகிவிட்டது. அத்தை சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே, அவள் சுபாவம் உனக்குத் தெரியும்.

ஞாயிறுதோறும் தவறாமல் பேசுகிறாய். அலுவலகம், வாடகை, பெங்களூர் மழை எல்லாம் சொல்கிறாய். படத்தைப் பற்றி மட்டும் நீ சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. உன் வண்ணப் பெட்டி கட்டிலுக்கடியில் போய்விட்டதென்றும், வரைவதற்கு ஒன்றும் தோன்றவில்லை என்று நீ சொன்னதாகவும் அண்ணன் வந்தபோது சொன்னான். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை.

பன்னிரண்டு வயதில் அம்மாவின் ஈயச்சொம்பை ஜன்னலோரம் வைத்து ஒரு பகல் முழுவதும் வரைந்தவள் நீ. விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் இடுக்கி பிடித்துப் பிடித்து நெளிந்திருப்பதைக் காட்டி, "அம்மா இடது கைக்காரி என்பது இந்தச் சொம்புக்குத் தெரிந்திருக்கிறது அப்பா" என்றாய். அத்தனை ஆண்டுகளாக அதில் கொதித்த ரசத்தைச் சாப்பிட்டவன் நான். அந்த நெளிவை அன்றுதான் பார்த்தேன். சாம்பல் நிறம்தானே என்று நான் சொன்னதற்கு, ஜன்னலின் நீலமும் அம்மாவின் புடவை அரக்கும் அதன் வயிற்றில் மங்கலாகக் கிடப்பதைத் தொட்டுக் காட்டினாய். கூடத்தில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தைக் காட்டி, என் மகள் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படித்தவள் என்று வருகிறவர்களிடம் இன்றும் சொல்கிறேன். அப்படிப்பட்டவளுக்கா ஒன்றும் தோன்றவில்லை? உன் அறையிலும் டம்ளர் இருக்கும், செருப்பு இருக்கும், பிடி உடைந்த குடை இருக்கும். நாளைக்கு ஒரு பொருளையாவது எடுத்து எதிரில் வை. வரையாவிட்டாலும் பார்த்துக்கொண்டிரு.

நீ விட்டுப்போன வான்கோ புத்தகத்தை இரவில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். 1885 மார்ச்சில் தந்தையை இழந்தவர், அவரோடிருந்த மனத்தாங்கல் தீராமலே, அந்த அக்டோபரில் அவருடைய கனத்த பைபிளை விரித்து வைத்து, பக்கத்தில் அணைந்த மெழுகுவத்தியும் முன்னால் தான் படித்து ஓரம் நைந்த மஞ்சள் அட்டை நாவலுமாக ஒரே நாளில் வரைந்திருக்கிறார். அதில் ஒரு முகமும் இல்லை. அப்பாவும் பிள்ளையும் ஒரே மேசையில் பேசாமல் உட்கார்ந்திருப்பதாகவே எனக்குத் தெரிகிறது. அந்தப் பக்கத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

சித்திரையில் நீ வந்தபோது சொம்பைக் கேட்டாய், வரைய வேண்டும் என்றாய். பரண்மேல் பத்திரமாக இருக்கிறது, இறக்க ஆளில்லை என்றேன். அது பொய். அம்மாவின் காரியம் முடிந்து நீங்கள் கிளம்பிய மறுவாரம், அவள் கைப்பக்குவத்தில் ரசம் வைத்துப் பார்க்கும் ஆசையில், வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டுப் புளி கரைக்கத் திரும்பினேன். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும் வரைதான் அது தாங்கும். புளித்தண்ணீர் ஊற்றாமல் ஒரு நாளும் அவள் அதை அடுப்பில் வைத்ததில்லை. நான் பார்த்தபோது அடிப்பாகம் இறங்கி, பாதரசம்போல் பர்னரைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவை இன்னொரு முறை பறிகொடுத்ததுபோல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. நீ வரைவதை விட்டதும் அந்தச் சித்திரைக்குப் பிறகுதான் என்று அண்ணன் சொல்கிறான்.

விளிம்பில் கைப்பிடி அகலத்துக்கு ஒரு துண்டு உருகாமல் மிஞ்சியது. பழைய வேட்டியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். இடுக்கி பிடித்த பக்கம்தானா என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரியும். கூரியரில் அனுப்ப மனமில்லை. ஆவணி முதல் வாரத்தில் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன், எந்த நாள் உனக்கு விடுமுறை என்று எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா