லாக்ஸ்டன் ஊராருக்கு ஒரு மருமகளின் நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

என் கணவர் வீட்டாரின் குடும்ப வரலாறு ஒருவழியாகக் கையடக்கப் புத்தகமாகிவிட்டது. இங்கிலாந்தில், நாட்டிங்ஹாம்ஷயரில் இருக்கும் லாக்ஸ்டன்தான் அவர்களுடைய பூர்வீகம். உதவியவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தை அந்த ஊரிலேயே கொடுத்தாயிற்று. “வெள்ளைக்காரன் ஊர்ல உனக்கென்னடி ஆராய்ச்சி?” என்று கேட்டுக்கொண்டே கடைசிவரை கதை கேட்ட என் சொந்தங்களுக்காகத் தமிழிலும் எழுதுகிறேன்.

முதல் வணக்கம், பழைய பாரிஷ் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) பதிவேடுகளை எனக்காகப் படித்துத் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பாரிஷும் எழுதிவைக்க வேண்டும் என்று 1538-ல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் உத்தரவு போட்டார். உத்தரவு போட்டவர் கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை போலும்! அந்தக் கிறுக்கல்களை அம்மையார் செய்தித்தாள் மாதிரி வாசித்தார். எங்கள் வீட்டில் காலங்காலமாக ஒரு கிசுகிசு உண்டு: 1723 ஏப்ரலில் கல்யாணமான தம்பதியின் பிள்ளைக்கு 1723 பிப்ரவரியிலேயே ஞானஸ்நானம் ஆகியிருக்கிறது என்று. அம்மையார் சிரித்துவிட்டார். 1752-க்கு முன்பு இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25-ல்தான் பிறக்கும். ஆகவே அந்த பிப்ரவரி, ஏப்ரலுக்குப் பத்து மாதம் கழித்து வந்தது. முந்நூறு வருஷப் பழி ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது.

ஆனால் அடுத்த நன்றிக்குரியவர் அதைவிடப் பெரிய வெடியை வைத்தார். மாவட்ட ஆவணக் காப்பகத்தின் மேசையில் இருந்த இளைஞர் அவர். பதிவேட்டில் 1801-க்குப் பிறகு தகப்பன் பெயரே இல்லாமல் ஒரு பையன் நிற்கிறானே என்று நான் கேட்டதும், “பாரிஷ் பெட்டகத்து ஏழைகள் சட்டக் காகிதங்களைப் பார்த்தீர்களா?” என்றார். அந்த ஒரு கேள்விக்கே அவருக்குத் தனிப் புத்தகம் போடலாம்.

1662-ல் வந்த சட்டப்படி, வறுமையில் விழுந்தவருக்குச் சோறு போட வேண்டியது அவருடைய சொந்த பாரிஷ். யார் எந்த ஊர் என்பதை இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் விசாரித்து எழுதுவார்கள். கல்யாணமாகாத வேலையாள் ஒரு முழு வருஷம் ஒரே எஜமானிடம் கூலிக்கு இருந்தால் அந்த ஊரே அவருடைய சொந்த பாரிஷாகிவிடும். அதனாலேயே பல பண்ணைக்காரர்கள் ஐம்பத்தோரு வாரத்துக்குப் பேசிக்கொண்டு, வருஷம் நிறையும் முன்பே கணக்குத் தீர்த்துவிடுவார்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள்! எங்கள் காகிதத்தில் இருந்தவள் அப்படிப் பண்ணை பண்ணையாக மாறிய வேலைக்காரப் பெண். கர்ப்பமானதும், குழந்தை தங்கள் ஊரில் பிறந்து செலவு தங்கள் தலையில் விழுந்துவிடக் கூடாதென்று, அவளை லாக்ஸ்டனுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விசாரணைத் தாளின் அடியில் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. அவள் பெற்ற பையனின் பேரன்தான் பின்னாளில் இந்த ஊர் வயலில் குத்தகை பிடித்தவர். குடும்பமே பெருமையடித்துக்கொள்ளும் முன்னோர். வம்சப் பெயர் என்று இவர்கள் கொண்டாடுவது உண்மையில் அவளுடைய பெயர். நானும் என் பிள்ளைகளும் சுமப்பதும் அதையேதான்.

இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அவர் கேட்டுவிட்டு, “அவளை முதல் பக்கத்தில் போடு” என்றார். அத்தை, அந்த வார்த்தைக்கு நன்றி.

வயலைக் காட்டிய விவசாயியையும் சொல்ல வேண்டும். 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்பு மசோதாக்கள் இங்கிலாந்தின் பொதுவயல்களைத் தனித்தனியாகக் கூறுபோட்டன. லாக்ஸ்டன் தப்பிவிட்டது. வெஸ்ட் ஃபீல்ட், மில் ஃபீல்ட், சவுத் ஃபீல்ட் என்ற மூன்று பெரிய வயல்களில் இன்றும் ஒவ்வொருவருக்கும் துண்டுதுண்டாகப் பங்கு; இடையில் வேலி கிடையாது. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தப் பயிர், மூன்றாவதில் தரிசு என்பது பழைய சுழற்சி. நவம்பர் கடைசியில், ஊர் விவசாயிகளிலிருந்து பொறுக்கியெடுத்த ஜூரிகள் கோதுமை வயலைச் சுற்றிவந்து, எல்லை முளை அடித்து, பொதுப் பாதையையும் புல்தரையையும் யாராவது சேர்த்து உழுதிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். அடுத்து கோர்ட் லீட் என்ற ஊர் நீதிமன்றம் கூடி அபராதம் விதிக்கும். அது டவ்காட் இன் என்ற மதுக்கடையில் கூடுவது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அந்த விவசாயி டிராக்டரை நிறுத்திவிட்டு, எங்கள் குத்தகைக்காரத் தாத்தாவின் நிலப்பட்டைகள் ஓடிய இடத்தை நடந்தே காட்டினார்.

ஊரை 1635-ல் மார்க் பியர்ஸ் அளந்து வரைந்த வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. பட்டைகளோடு ஏர் உழுகிறவர்களையும் அறுப்பவர்களையும் குட்டிகுட்டியாக வரைந்திருக்கிறார். அதன் படத்தை அனுப்பியதும், நில அளவைத் துறையில் வேலை பார்த்த சித்தப்பா ராத்திரி முழுக்கத் தூங்காமல் பார்த்து, எந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்று சொல்லித் தந்தார். சித்தப்பா, உங்கள் பூதக்கண்ணாடிக்கும் நன்றி.

புனித மிக்கேல் ஆலயத்தைத் திறந்துவிட்ட சர்ச் வார்டனுக்கும், உள்ளே இருக்கும் 14-ஆம் நூற்றாண்டு மரப் பெண்சிலையைப் படமெடுத்துத் தந்த கொழுந்தனாருக்கும், கல்லறை எழுத்துகளை மழையில் நின்று எழுதிய பிள்ளைகளுக்கும் நன்றி.

புத்தகத்தின் ஒரு பிரதி ஆலயத்திலும் ஒன்று காப்பகத்திலும் இருக்கும். பிழை கண்டவர்கள் தயவுசெய்து ஓரத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள். அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறேன்.

அன்புடன்,
லாக்ஸ்டன் மருமகள்