பயாப்சி ரிப்போர்ட் எழுதுவோருக்கும் அதை விளக்குவோருக்கும்

மதிப்பிற்குரிய நோய்க்குறியியல் மருத்துவர்களே, புற்றுநோய் மருத்துவர்களே,

உங்கள் பயாப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கை இன்னொரு மருத்துவர் படிப்பதற்காக எழுதப்படுவது. ஆனால் இப்போதெல்லாம் அதை முதலில் திறப்பவர் நோயாளிதான், அதுவும் கைப்பேசியில். அடுத்த சந்திப்பு வரை அவரும் அந்தக் காகிதமும் மட்டுமே. வாயில் நுழையாத கலைச்சொல்லைக் கண்டால் யாரையாவது கேட்டுவிடுவார். தெரிந்ததுபோல் தோன்றும் சொல்லும் எண்ணும்தான் ஏமாற்றுகின்றன.

மார்பகப் புற்றுநோய் அறிக்கையைப் பாருங்கள். ‘மார்ஜின் நெகட்டிவ்’: வெட்டியெடுத்த திசுவின் ஓரத்தில் புற்றுச் செல் இல்லை, நல்ல செய்தி. ‘நோட் பாசிட்டிவ்’: நிணநீர்க் கணுவுக்குப் பரவியிருக்கிறது, கெட்ட செய்தி. அடுத்த வரியில் ‘ஈஆர் பாசிட்டிவ்’ என்றால் கட்டியின் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறது, ஹார்மோன் சிகிச்சைக்கு வழி உண்டு. இரண்டே வரிக்குள் பாசிட்டிவ் கட்சி மாறிவிடுகிறது. செல்லைப் பெருகத் தூண்டும் புரதம் ஒன்றின் அளவைச் சொல்லும் ‘ஹெர்2 2+’ இன்னும் சிக்கல். அது பாதி பாசிட்டிவ் என்று பொருள்படாது. முடிவு சொல்ல முடியவில்லை, மரபணுப் பிரதிகளை எண்ணும் ஃபிஷ் பரிசோதனை தேவை என்று பொருள். அந்தப் பரிசோதனை பாக்கி என்று நீங்கள் எழுதாவிட்டால், அறிக்கை முடிந்துவிட்டதென்று கோப்பில் வைத்துவிடுவார்கள். ஹெர்2-ஐக் குறிவைக்கும் மருந்து தேவையா என்ற முடிவும் தள்ளிப்போகும்.

எண்களுக்கு வருவோம். கிரேடு 3-ஐ ஸ்டேஜ் 3 என்று படித்து உடைந்துபோகிறார்கள். நுண்ணோக்கியில் செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது கிரேடு. நோய் உடலில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது ஸ்டேஜ். எங்கும் பரவாத 1 செ.மீ. மார்பகக் கட்டி கிரேடு 3 ஆக இருக்கலாம். ஸ்டேஜ் 1 தான். ‘2/14’ மதிப்பெண் இல்லை: 14 கணுக்களைப் பார்த்ததில் 2-இல் நோய். ‘கேஐ-67: 20%’ என்பது புற்றுச் செல்களில் எத்தனை பங்கு பெருகிக்கொண்டிருக்கிறது என்ற கணக்கு.

புராஸ்டேட் அறிக்கையில் ‘கிளீசன் 6’ பத்துக்கு ஆறு போலத் தெரிகிறது. கிளீசன் என்பது கட்டியில் காணப்படும் செல் அமைப்பு வகைகளுக்குத் தரும் இரண்டு எண்களின் கூட்டல். நடைமுறையில் புற்று என்று எழுதப்படும் மிகக் குறைந்த மதிப்பெண்ணே அதுதான். பலருக்குக் கண்காணிப்பே போதும். 3+4, 4+3 இரண்டையும் கூட்டினால் 7. ஆனால் முதல் எண் கட்டியில் அதிகம் காணப்படும் வகையைக் குறிப்பதால் 4+3 கூடுதல் தீவிரமானது. இதற்காகவே 2014-இல் பன்னாட்டுச் சிறுநீரியல் நோய்க்குறியியல் சங்கம் 1 முதல் 5 வரையிலான கிரேடு குரூப்பை ஏற்றது: 3+4 குரூப் 2, 4+3 குரூப் 3. இந்த எண்ணைப் பெரிதாகவும் பழையதைப் பக்கத்தில் சிறிதாகவும் போட என்ன தடை?

பயமுறுத்தும் எண்ணைவிட ஆபத்தானது பொய்யாக நிம்மதி தரும் எண். மாமோகிராமில் (மார்பக எக்ஸ்-ரே), படத்தைத் தரம்பிரிக்கும் ‘பை-ராட்ஸ்’ எண் 0 என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. படம் போதவில்லை, இன்னும் எடுக்க வேண்டும். பூஜ்யத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வராமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு. ‘பை-ராட்ஸ் 4’ என்று மட்டும் எழுதுவதும் உதவாது. அதற்குள் புற்றாக இருக்கும் வாய்ப்பு 2%-க்கு மேல் தொடங்கி 95% வரை போகிறது. அதை எழுதும் கதிரியக்க மருத்துவர்கள் 4ஏ, 4பி, 4சி என்று பிரித்தே எழுதட்டும்.

நாங்கள் கேட்பது அறிக்கையின் தலைப்பில் ஐந்து வரி. எந்த உறுப்பில் தொடங்கிய என்ன நோய் (எலும்புக்குப் பரவிய மார்பகப் புற்று மார்பகப் புற்றுதான், அதையும் சொல்லுங்கள்), எவ்வளவு பரவல், கிரேடு, ஓரத்தில் நோய் உண்டா இல்லையா, எந்தப் பரிசோதனை பாக்கி (அதன் முடிவு என்றைக்கு வரும் என்பதோடு). பாசிட்டிவ், நெகட்டிவ் வரும் இடங்களில் ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்று எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும்.

விளக்கும் மருத்துவர்களே, ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள்; எங்கே பிசகியது என்று உடனே தெரிந்துவிடும். ‘ஐந்தாண்டு உயிர்வாழ்வு’ என்ற சொற்றொடரை அப்படிச் சோதிக்காமல் விடவே வேண்டாம். நோய் தெரிந்து ஐந்து ஆண்டுக்குப் பிறகும் உயிரோடிருப்பவர்களின் பங்கு அது. ஐந்து ஆண்டுதான் ஆயுள் என்று கேட்டுக்கொண்டு போகிறவர்கள் அதிகம்.

கடைசியாக, அறிக்கையைக் கைப்பேசிக்கு அனுப்பும்போது சந்தேகம் கேட்க ஒரு தொலைபேசி எண்ணும், அது எடுக்கப்படும் நேரமும் சேர்ந்து போகட்டும். வெள்ளி மாலை அறிக்கை அனுப்புவதாக இருந்தால், சனி ஞாயிறிலும் அந்த எண்ணை எடுக்க ஆள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அறிக்கைகளை நோயாளிகளுக்கு வாசித்து விளக்குபவர்கள்