டச்பேடைத் தட்டி எழுப்பும் முறையைச் சொல்லுங்கள்: ஒரு சில்லு நிறுவனத்துக்குத் திறந்த மடல்

டச்பேட் சில்லு தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

சேலம் அஸ்தம்பட்டியில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்களை வாங்கி, எஸ்எஸ்டி மாட்டி, லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தை ஏற்றிக் கொடுப்போம். சிவதாபுரம் கொலுசுப் பட்டறையின் கணக்கும், அம்மாபேட்டைத் தறிக்காரர் மகளின் காலேஜ் ப்ராஜெக்டும் அதில்தான் ஓடுகின்றன. உங்கள் சில்லு உள்ள மாடல் வந்தால் மட்டும் கூடவே ஒரு மவுஸும் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கிறது.

காரணம் உங்களுக்கே தெரியும். உங்கள் டச்பேட் தன்னைச் சாதாரண பிஎஸ்/2 (பழைய இணைப்பு முறை) மவுஸ் என்றுதான் சொல்லிக்கொள்கிறது. மூன்று பைட் அனுப்பும்: பட்டன், பக்கவாட்டு அசைவு, மேல்கீழ் அசைவு. கர்சர் நகரும், அவ்வளவுதான். இரண்டு விரலால் பக்கத்தை உருட்ட முடியாது. டைப் செய்கையில் உள்ளங்கை பட்டால் கர்சர் எங்கோ ஓடிவிடும். விரல் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டுமானால், சில கட்டளைகளைக் குறிப்பிட்ட வரிசையில் அனுப்ப வேண்டும். இத்தனை தட்டு தட்டினால்தான் கதவைத் திறப்பேன் என்கிற கதை. அந்தக் கணக்கு உங்கள் விண்டோஸ் டிரைவருக்கு, அதாவது டச்பேடை இயக்கும் மென்பொருளுக்கு, மட்டுமே தெரியும்.

சரி என்று விண்டோஸை மெய்நிகர் கணினியில் ஓடவிட்டு, உங்கள் டிரைவர் டச்பேடுக்கு அனுப்புவதைப் பதிவு செய்தேன். வரிசை சிக்கியது. லினக்ஸிலிருந்து அதையே அனுப்பியதும் ஆறு ஆறு பைட்டாக வரத் தொடங்கியது. விரலை இடது ஓரத்தில் வைத்து மெல்ல வலப்பக்கம் இழுத்தால், ஒரு பைட் 255 வரை ஏறிச் சட்டென்று 0 ஆகிறது. அதே நேரம் இன்னொரு பைட்டின் மேல்பாதியில் ஒன்று கூடுகிறது. ஒரு பைட்டில் எட்டு பிட்தான் அடங்கும் என்பதால், 12 பிட் எண்ணை வெட்டி இரண்டு இடத்தில் வைத்திருக்கிறீர்கள்! “ஏண்ணா தனியா சிரிக்கறீங்க?” என்றான் கடைப் பையன்.

தொழில் ரகசியம் என்பீர்கள். உங்கள் சோர்ஸ் கோடை யார் கேட்டது? இன்னொரு டச்பேட் நிறுவனமான சினாப்டிக்ஸ் தன் பிஎஸ்/2 டச்பேடுக்கான கையேட்டைப் பொதுவிலேயே வைத்தது. அதனால் அவர்கள் கடை படுத்துவிடவில்லை. புதிய டச்பேடுகள் பல பேசும் ஐ2சி வழி எச்ஐடி நெறிமுறையை மைக்ரோசாஃப்டே வெளியிட்டது. 2013-ல் வந்த லினக்ஸ் 3.8-இல் அதற்கான டிரைவரும் சேர்ந்துவிட்டது. நான் கேட்பது கட்டளை வரிசை, பாக்கெட் அமைப்பு, இரண்டும் அடங்கிய சில பக்கங்கள்.

நான் எழுதும் டிரைவரை, யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய ஜிபிஎல் உரிமத்தில், லினக்ஸின் மையமான கர்னலுக்கு அனுப்பப் போகிறேன். கடைசி பைட் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. விரலை அழுத்தினாலும் ஏறுகிறது, படுக்க வைத்தாலும் ஏறுகிறது. அது அழுத்தமா, விரலின் அகலமா? உங்கள் பொறியாளர் யாராவது ஒரு வரியில் பதில் போட்டால் அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அஸ்தம்பட்டி சர்வீஸ் கடைக்காரன்