நேவனிலிருந்து அந்தோணிக்கு

நேவன், அயர்லாந்து
2024 நவம்பர் 5

அன்புள்ள அந்தோணி,

என் போட்டோவைப் பார்த்துவிட்டு நீ போட்ட வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். "காலையில எண்ணெய் தேச்சுக் குளிச்சவன், சாயங்காலம் மூஞ்சியில கரியப் பூசிக்கிட்டு நிக்க. உனக்கு என்னலே ஆச்சு?" என்று கேட்டதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஹாலோவீன் என்றால் அது சாத்தானுடைய திருவிழா என்று உங்கள் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னாராம், பிள்ளைகளை அதில் இழுத்துவிடக் கூடாதாம். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் ஆரம்பித்தால் நீ பாதியிலேயே வெட்டிவிடுவாய்.

முதலில் வீட்டுச் செய்தி. செல்விக்கு முதுகுவலி தேவலை. ஆனாலும் நைட் டியூட்டி முடிந்து வரும்போது முகம் தொங்கித்தான் இருக்கிறது. பெரியவள் பிளஸ் டூ மாதிரியான பரீட்சைக்குப் படிக்கிறாள், எங்களோடு பேசுவது குறைந்துவிட்டது. சின்னவன் இங்கிலீஷ் பேசினால் இந்த மீத் மாவட்டத்துக்காரன் என்றுதான் சொல்வார்கள். அவன் தொந்தரவில்தான் இந்த வருஷம் ஹாலோவீன் பார்ட்டி எங்கள் வீட்டில் என்று ஆயிற்று. பள்ளிக்கூடத்துக்கு அந்த வாரம் முழுக்க லீவு. நம்ம தீபாவளியும் அவர்களுடைய ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31 வியாழக்கிழமை. காலையில் இட்லி, கறிக்குழம்பு, புதுத்துணி. ஐந்து மணிக்கு இருட்டியதும் எலும்புக்கூடு, சூனியக்காரி, ஒரு டைனோசர் என்று வேஷம் போட்ட பிள்ளைகள்.

வெடிக்குப் பஞ்சமில்லை என்றால் நம்புவாயா? இந்த ஊரில் லைசென்ஸ் இல்லாமல் பட்டாசு வைத்திருந்தாலே குற்றம். 10,000 யூரோ வரை அபராதம், 5 வருஷம் வரை ஜெயில் என்று சட்டம். ஆனால் ஹாலோவீன் சமயத்தில் எல்லைக்கு வடக்கே, வட அயர்லாந்திலிருந்து கடத்தி வந்து, பயல்கள் விடிய விடிய வெடிக்கிறார்கள். நான் ஒரு கம்பி மத்தாப்பு கொளுத்தப் பத்துத் தரம் யோசித்தேன், பின்னால் இருக்கிற காலனியில் அணுகுண்டு கணக்காய்ச் சத்தம்.

பக்கத்து வீட்டில் ஒரு வயதான அம்மா இருக்கிறார்கள். இங்கே எல்லோரும் அவர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், எனக்கு இன்னும் வாய் வரவில்லை. கடையில் வாங்கி வந்த பூசணிக்காயை நாங்கள் வெட்டிக்கொண்டிருந்தபோது வந்தவர்கள், "இது அமெரிக்காக்காரன் வேலை" என்று சொல்லிவிட்டுப் போய், தோட்டத்திலிருந்து டர்னிப் என்கிற கிழங்கு ஒன்று கொண்டுவந்தார்கள். ஊதாவும் மஞ்சளுமாய் ஒரு குழந்தைத் தலை அளவு இருக்கும். அவர்கள் சின்ன வயதில் விளக்கு என்றால் அதுதானாம்.

அதைக் குடைந்து பார்க்கவேண்டும் நீ. பூசணிக்காய்க்குள் ஏற்கெனவே பாதி காலி. இது உள்ளே முழுக்கக் கெட்டி. கத்தி இறங்கவே மாட்டேன் என்கிறது. மேலே மூடி மாதிரி சீவி எடுத்துவிட்டு, கனமான இரும்புக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தோம். எங்கள் வீட்டு ஸ்பூன் ஒன்று வளைந்தே போயிற்று. கண் இரண்டு, வாய், வாய்க்குள் இரண்டு பல். உள்ளே மெழுகுவர்த்தி வைத்ததும் மூடி லேசாகக் கருகி, முட்டைகோஸ் அடிப்பிடித்த வாசனை வீடு முழுக்க. ஆனால் முகம் என்ன முகம்! பூசணிக்காய் சிரிக்கிறது. இது முறைக்கிறது. டானிகால் பக்கம் ஃபின்டவுன் என்ற ஊரில் செய்த பழைய டர்னிப் விளக்கு ஒன்றை அச்செடுத்து, மேயோவில் இருக்கிற தேசிய அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். போட்டோவைத் தேடிப் பார். ராத்திரியில் பார்க்காதே. குடைந்தெடுத்ததைச் செல்வி வீணாக்கவில்லை, தேங்காய்ப் பூ போட்டுப் பொரியல் ஆக்கிவிட்டாள்.

விளக்குக்குக் கதையும் சொன்னார்கள். ஜாக் என்று ஒரு குடிகாரக் கஞ்சன், சாத்தானையே ஏமாற்றி, தன் உயிரை எடுக்கக் கூடாது என்று வாக்கு வாங்கிவிடுகிறான். செத்த பிறகு மோட்சத்திலும் இடமில்லை, வாக்குக் கொடுத்ததால் நரகத்திலும் சேர்த்துக்கொள்ளவில்லை. சாத்தான் நெருப்புக் கங்கு ஒன்றை மட்டும் தூக்கிப் போட, அதை டர்னிப்புக்குள் வைத்துக்கொண்டு இன்றைக்கும் இருட்டில் அலைகிறானாம். 1845-க்குப் பிறகு உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்து, பத்து லட்சம் பேர் செத்து, அதற்கும் மேலே கப்பலேறிப் போனார்களே, அப்படிப் போனவர்களோடு இந்தப் பழக்கமெல்லாம் அமெரிக்காவுக்குப் போயிற்று. அங்கே வயல் நிறையப் பூசணிக்காய், குடைவதும் சுலபம். பிறகு அது பிளாஸ்டிக் எலும்புக்கூடாகிச் சூப்பர்மார்க்கெட் வழியாக இங்கேயே திரும்பி வந்திருக்கிறது.

இனி உன் சாமியார் விஷயம். ஹாலோவீன் என்பது நவம்பர் 1-ல் வருகிற சகல புனிதர்கள் திருநாளுக்கு முந்தின ராத்திரி. மறுநாள் 2-ஆம் தேதி உங்கள் கல்லறைத் திருநாள். மூன்றும் ஒரே கொத்து. நீ போன சனிக்கிழமை மெழுகுவர்த்தியும் பூவுமாய்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாய் அல்லவா, அந்தக் கொத்தில் முதல் நாளுக்குத்தான் என் பையன் எலும்புக்கூடு சட்டை போட்டான்.

"அதெல்லாம் சரி, அடியில் இருப்பது அயர்லாந்தின் பழைய கெல்ட் சனங்களின் பேய்த் திருவிழா, அதை மூடத்தான் சபை நவம்பர் 1-ஐ வைத்தது" என்று நீ கேட்பாய். இங்கே டூரிஸ்ட் பஸ்ஸிலும் இதைத்தான் சொல்கிறார்கள். நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன், கொஞ்சம் படிக்கிற வரைக்கும். சவ்வின் என்று ஒரு பழைய திருநாள் இருந்தது நிஜம். கோடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற நாள். மலையில் மேய்ந்த மாட்டைக் கீழே ஓட்டி வருவது, மிஞ்சினதை அறுத்து உப்புக்கண்டம் போடுவது, ராஜாக்கள் கூடி விருந்து சாப்பிடுவது. மறு உலகத்துக்கும் இந்த உலகத்துக்கும் நடுவே அன்றைக்குக் கதவு திறந்திருக்கும் என்று பழைய கதைகள் சொல்கின்றன. ஆனால் அந்தக் கதைகளை எழுதிவைத்தவர்களே கிறிஸ்தவ மடத்துத் துறவிகள்தான். அது இறந்தவர்களுக்கான பண்டிகை, கெல்ட் புத்தாண்டு என்பதெல்லாம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் ரீஸ் என்ற அறிஞரும், அவருக்குப் பின் ஃப்ரேசர் என்ற அறிஞரும் ஊகித்துச் சொன்னது. ஆதாரம் ரொம்ப மெலிசு என்று ரொனால்ட் ஹட்டன் என்ற வரலாற்றாசிரியர் பிரித்துக் காட்டியிருக்கிறார்.

அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது இதுதான். பழைய அயர்லாந்துச் சபை சகல புனிதர்கள் திருநாளை ஏப்ரல் 20-ல் கொண்டாடிக்கொண்டிருந்தது. ரோமிலோ மே 13. நவம்பர் 1 என்பது ஜெர்மானிய நாட்டுப் பக்கம் புழங்கி, 835-ல் நான்காம் கிரகோரி போப்பாண்டவர் காலத்தில் பிராங்க் ராஜ்ஜியம் (இன்றைய பிரான்ஸ், ஜெர்மனி பக்கம்) முழுக்கப் பரவியது. சவ்வினை மூடி மறைக்கத்தான் அந்தத் தேதி என்றால், சவ்வின் கொண்டாடிய ஊரே முதலில் ஏப்ரலில் ஏன் கொண்டாடுகிறது? இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்து, பிறகு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சாமியார் சொல்கிற சாத்தானும் இல்லை, பஸ் கைடு சொல்கிற இரண்டாயிரம் வருஷத்துப் பூசாரியும் இல்லை.

அந்தத் துறவிகள் எழுதிவைத்த கதை ஒன்று மட்டும் சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். ராஸ்கிராகன் கோட்டையில், சவ்வின் ராத்திரி, ராஜாவும் ராணியும் ஒரு பந்தயம் வைக்கிறார்கள். வெளியே தொங்குகிற பிணத்தின் காலில் எவன் போய் வளையம் கட்டிவிட்டு வருகிறானோ அவனுக்குத் தங்கப்பிடி போட்ட வாள். நேரா என்பவன் போகிறான். கட்டி முடித்ததும் பிணம், "தாகமா இருக்கு, என்னைத் தூக்கிக்கொண்டு போ" என்கிறது. முதுகில் ஏறிக்கொள்கிறது, சாட்சாத் நம்ம வேதாளம். முதல் வீட்டைச் சுற்றி நெருப்பு, அங்கே அடுப்பை ஒழுங்காக மூடிவைத்துத்தான் படுப்பார்கள். இரண்டாவது வீட்டைச் சுற்றித் தண்ணீர், அங்கே கழுவின தண்ணியை ராத்திரி வைக்கிற வழக்கம் இல்லை. மூன்றாவது வீட்டில் தொட்டியில் அழுக்குத் தண்ணி கிடக்கிறது. பிணம் வயிறு முட்டக் குடித்து, கடைசி மடக்கை வீட்டார் மேல் துப்ப, அத்தனை பேரும் சாகிறார்கள். எச்சில் பாத்திரத்தைப் போட்டுவிட்டுப் படுக்காதே என்று என் ஆச்சி சொன்னதைத்தான் அந்தப் பிணமும் சொல்லியிருக்கிறது. செல்விக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இப்போது ராத்திரி பாத்திரம் கழுவுவது என் வேலை.

இனி பார்ட்டி விஷயம். வேஷத்துக்குக் கடையில் காசு கொடுக்காதே என்று பக்கத்து வீட்டம்மா கட்டளை. அவர்கள் காலத்தில் அப்பாவுடைய பழைய கோட்டை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டு, முகத்தில் புகைக்கரி பூசி, குரலை மாற்றி வீடு வீடாகப் போவார்களாம். வந்தது யார் என்று வீட்டுக்காரர் கண்டுபிடிக்கவேண்டும், அதுதான் விளையாட்டு. கிடைப்பது ஆப்பிளும் கடலையும். நீ போட்டோவில் பார்த்த கரி அந்தக் கரி. குலசை தசராவுக்கு வேஷம் கட்டி வருகிறவர்களை உங்கள் அம்மா வாசலில் நிறுத்தி, "இது இன்னார் மகன்லா" என்று குரலை வைத்தே சொல்வார்களே, அது மாதிரி என்று வைத்துக்கொள். ஆனால் அது நேர்ச்சை, காப்புக் கட்டி விரதம் இருந்து செய்வது. காணிக்கை முத்தாரம்மனுக்குப் போகும். இங்கே கிடைப்பது பிள்ளைகள் வயிற்றுக்கு.

செல்விக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "நம்ம பிள்ளை போய் வாசல்ல கை நீட்டுறதா?" என்றாள். கடைசியில் அவளே பெரிய பையாய்க் கொடுத்து அனுப்பினாள். வருகிற பிள்ளைகளுக்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கொடுக்கலாம் என்று நான் எடுத்து வைத்தேன், யாருக்கு அலர்ஜி இருக்குமோ என்று நர்சம்மா பறித்துவிட்டாள். ஆக, பெட்டி முழுக்க நானே தின்னவேண்டியதாயிற்று. வருத்தமில்லை.

சாப்பாட்டு மேஜையில் அதிரசம், மிக்சர், பக்கத்திலேயே கோல்கனன். கீரைக்கோசை வேகவைத்து, மசித்த உருளைக்கிழங்கில் வெண்ணெயை அள்ளிப் போட்டுக் கலந்தது, ஹாலோவீன் சாப்பாடு என்றாலே அதுதான். பிறகு பார்ம்பிராக். தேயிலைத் தண்ணியில் ஊறவைத்த திராட்சை போட்ட ரொட்டி, உள்ளே மோதிரம் ஒளித்திருப்பார்கள். முன்பெல்லாம் காசு, கந்தல் துணி, பட்டாணி, குச்சி என்று இன்னும் நிறையப் போடுவார்களாம். மோதிரம் வந்தால் வருஷத்துக்குள் கல்யாணம், காசு வந்தால் பணம், கந்தல் வந்தால் தரித்திரம். மோதிரம் செல்வியின் வார்டில் வேலை பார்க்கிற மலையாளிப் பையனுக்கு வந்தது. வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உடனே போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். "தங்கமா?" என்று பதில் வந்தது.

அன்றைக்கு டப்ளினில் நடந்த கூத்து உங்கள் நியூசில் வந்ததா? ஓ'கானல் தெருவில் ஹாலோவீன் ஊர்வலம் என்று ஏதோ ஒரு வெப்சைட்டில் போட்டிருக்கிறான். அதை நம்பி ஆயிரக்கணக்கில் சனம் இரண்டு பக்கமும் வரிசை கட்டி நின்றிருக்கிறது. ஊர்வலமே கிடையாது. கடைசியில் போலீஸ், "அப்படி ஒன்றும் ஏற்பாடு இல்லை, கலைந்து போங்கள்" என்று அறிவித்தது. என் ஆபீஸ் பையன் ஒருத்தனும் சூனியக்காரன் தொப்பியோடு நின்றுவிட்டு வந்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக ஆத்பாய் பக்கத்தில் இருக்கிற ட்லாக்தா மேட்டுக்குப் போனோம். சவ்வின் நெருப்பு அங்கே மூட்டித்தான் நாடு முழுக்க அடுப்புப் பற்றவைப்பார்கள் என்று 17-ஆம் நூற்றாண்டில் கீட்டிங் என்ற பாதிரியார் எழுதியிருக்கிறார். உங்கள் சபை ஆள்தான். 2014 முதல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அங்கே தோண்டிப் பார்த்தார்கள். நமக்குத் தெரிவது வட்ட வட்டமாய் மண் வரப்பு, அதன் மேல் புல், ஆட்டுப் புழுக்கை. காற்று மட்டும் காதைப் பிய்த்தது.

இன்னொன்று சொல்லவேண்டும். நவம்பர் மாதம் முழுக்க இங்கே கோவிலில், வீட்டில் இறந்தவர்கள் பெயரை எழுதிக் கவரில் போட்டுப் பீடத்தில் வைப்பார்கள். பக்கத்து வீட்டம்மா கவரை எழுதும்போது, "உனக்கு யார் பெயராவது சேர்க்கணுமா?" என்று கேட்டார்கள். உன் அப்பா பெயரைக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா போன பிறகு வந்த முதல் கல்லறைத் திருநாள் ஆயிற்றே, சிலுவைக்குப் பெயின்ட் அடித்தாயா? கல் பதிக்கிறது பற்றித் தம்பியோடு பேசி முடிவு பண்ணு, என் பங்கு என்று நான் சொன்னது சொன்னதுதான், மறுக்காதே.

பிப்ரவரியில் வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. அம்மாவிடம் சொல்லிவை. மக்ரூன் முதல் நாளே வாங்கி வைக்காதே, நமத்துப் போகும், நான் வந்த பிறகு போய் வாங்கலாம். உங்கள் சாமியாருக்குப் பார்ம்பிராக் ஒன்று கொண்டுவருகிறேன், மோதிரத்தை முன்கூட்டியே எடுத்துவிடுவேன் என்று சொல்.

அன்புடன்,
முருகேசன்